சேவல் காலில் சிவப்பு நூல்

ஊர்க்கோழிக் குஞ்சில் எது சேவல், எது பெட்டை என்று தெரிய இரண்டு மாதமாவது ஆகும். கொண்டை சிவக்க வேண்டும், கால் தடிக்க வேண்டும், வாலில் இறகு வளைய வேண்டும். அதுவரை ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கலாம். என் மனைவி வளர்த்த கோழிகளிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஓட்டை உடைத்து வெளியே வந்து ஈரம் உலர்ந்த உடனேயே தெரிந்துவிடும். முதுகில் அணிலுக்கு இருப்பதுபோல அழுத்தமான கோடு இருந்தால் பெட்டை. கோடு மங்கலாகி உச்சந்தலையில் வெளிர்மஞ்சள் பொட்டு இருந்தால் சேவல். அவ்வளவுதான். அந்தப் பெட்டைகள் இடுகிற முட்டை நீல நிறம். உடைத்துப் பார்த்தால் ஓட்டின் உள்பக்கமும் நீலமாகத்தான் இருக்கும்.

நான் தேயிலை ஸ்டோரில், கொழுந்தைத் தூளாக்குகிற ஆலையில், வேலை செய்கிறவன். எங்கள் தோட்டம் வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறிப்போகிற ரோட்டில் இருக்கிறது. கொழுந்தை உருட்டுகிற ரோலர் மெஷின் பக்கத்திலேயே இருபது வருஷமாக நிற்பதால் காது கொஞ்சம் மந்தம், பேச்சு கொஞ்சம் சத்தம். முன்கோபமும் உண்டு. அந்தப் பழியை ரோலர் மேல் போட முடியாது, அது எனக்குப் பிறவியிலேயே வந்தது.

மனைவி மேல் பங்களாவில் சமையல் செய்தாள். ஒரு காலத்தில் தொரை இருந்த பங்களா. பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கிப்போகிற இடமாகிவிட்டது. அதை நடத்தியவர் வயதான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் எல்லோருக்கும் அவர் வெள்ளைக்காரம்மா. தன் நாட்டிலிருந்து முட்டைகளைத் தருவித்துப் பொரிக்கவைத்த கோழிகளை பங்களாத் தோட்டத்தில் வளர்த்தார். லெக்பார் என்று ஏதோ பெயர் சொன்னாராம். சேவல் சாம்பல் நிறத்தில் பட்டை பட்டையாக இருக்கும். பெட்டைகள் மண் நிறம். எல்லாவற்றுக்கும் கொண்டைக்குப் பின்னால் ஒரு சிண்டு. மனைவிக்கு அவற்றின் மேல் என்ன மயக்கமோ, சமையல் முடிந்த மறுநிமிஷம் கோழிக்கூட்டில்தான் நிற்பாள்.

முதல் நீல முட்டையை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் நம்பவில்லை.

"சாயம் பூசி ஒன்ன ஏமாத்திட்டாங்க" என்றேன்.

"தேச்சுத்தான் பாருங்களேன்" என்றாள்.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தேன். நீலம் போகவில்லை, துணிதான் அழுக்கானது. அவள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். மண்ணெண்ணெய் நாற்றம் அடித்த அந்த முட்டையை நானேதான் சாப்பிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினாள். சாப்பிட்டேன். இன்றைக்கும் மண்ணெண்ணெய் வாசம் வந்தால் எனக்கு அந்தச் சிரிப்புதான் முதலில் கேட்கிறது.

பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருஷம் பங்களாவுக்கு ஆள் வரத்து நின்றது. வெள்ளைக்காரம்மா கதவைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனார். போகிற அன்று ஒரு சேவலையும் நான்கு பெட்டைகளையும் என் மனைவி கையில் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை. இதே இனத்துச் சேவல் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். வேறு சேவலோடு சேரவிட்டால் பிறக்கிற பெட்டைகளின் முட்டை பச்சைக்குத் திரும்பிவிடும். அடுத்த தலைமுறையில் குஞ்சின் தலைப்பொட்டும் குழம்பிவிடும். அப்புறம் அது சாதாரணக் கோழிதான்.

இந்தப் பெட்டைகள் முட்டையிடுவதில் கெட்டி, அடைகாப்பதில் சோம்பேறிகள். அதனால் மனைவி அடையிலிருந்த ஓர் ஊர்க்கோழியை வாங்கிவந்து நீல முட்டைகளை அதன் கீழே வைத்தாள். ஏழு குஞ்சு பொரித்தது. அன்றைக்கே லயத்துப் பெண்கள் முன்னால் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, இது சேவல், இது பெட்டை என்று பிரித்து வைத்தாள். "கோழிக்குச் சாதகம் எழுதுறா பாரு" என்று கேலி செய்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த ஈட்டுச் சேவல்களை வளர்ந்ததும் கறிக்கு விற்றுவிட்டாள். அதற்குப் பிறகு கேலி நின்றுபோனது, ஆனால் அந்த அறிவு லயம் முழுக்கப் பரவிவிட்டது. அது பின்னால் என் தலையில் விடியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

பங்களா மூடியதும் அவளுக்கு வேலை இல்லை. லயத்துக் காம்பராவின் ஒற்றை அறையை விட்டு நாலு பேர்ச்சஸ் நிலத்தில் ஒரு தனி வீடு கட்டிவிட வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் பழைய ஆசை. ரோலர் மெஷினை நம்பி அது நடக்காது. இரண்டே வருஷம் என்று சொல்லி குவைத்துக்குப் போனாள், ஒரு வீட்டில் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு. ஹட்டன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக அவள் சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன்.

"ஒடம்ப பாத்துக்குங்க. கோழிங்களையும் பாத்துக்குங்க. ஒரு சேவல் போதும், ஆனா அந்த ஒண்ணு இருக்கணும். நான் வந்து எறங்குற அன்னிக்கு நீல முட்டைலதான் எனக்குப் பொரியல்."

"கோழியத்தான் பாக்கணும். என்னைய யாரு பாக்குறது?"

"நீங்க என்ன முட்டையா விடுறீங்க?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்கு இரண்டு மணிநேரம் ஓய்வு. வீடியோவில் கூப்பிடுவாள். எங்கள் காம்பராவுக்குள் சிக்னல் கிடையாது. கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில்தான் கிடைக்கும். அதனால் நான் போனும் கையுமாகக் கோழிகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். முகம் தெரிந்ததும் அவள் முதலில் சொல்வது, "கொஞ்சம் கீழ காட்டுங்க" என்பதுதான். சேவலைப் பார்க்க வேண்டும், பெட்டைகளை எண்ண வேண்டும், முட்டைக் கூடையைப் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் என் முறை. அதற்குள் பல நாள் சிக்னல் போய்விடும். எனக்குக் கோழிகள் மேல் பொறாமை என்று சொன்னால் சிரிப்பீர்கள். இருந்தது, நிஜமாகவே இருந்தது.

இரண்டு வருஷம் முடிகிற சமயம் அந்த வீட்டு அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்டார்கள், சரி என்று சொல்லிவிட்டாள். என்னிடம் கேட்காமல் சொல்லிவிட்டாள். நான் அந்த மேட்டில் நின்றுகொண்டு ரோலர் சத்தத்தையும் மீறுகிற தொண்டையில் கத்தினேன்.

"ஒனக்கு அந்தக் கெழவிதான் முக்கியம்னா அங்கயே இருந்துக்க! இங்க ஒருத்தரும் ஒன்ன தேடல!"

லயத்துக்கே கேட்டிருக்கும். போனில் அவள் படம் அப்படியே நின்று, பிறகு அணைந்தது. அது சிக்னல் போனதா, அவள் வைத்ததா என்று தெரியவில்லை.

அடுத்த வெள்ளி போன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை, வீராப்பு. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. அப்புறம் நானே கூப்பிட்டேன். போன் அணைந்திருப்பதாக ஏதோ ஒரு பாஷையில் ஒரு பெண் சொன்னாள். தினமும் கூப்பிட்டேன். தினமும் அதே பெண்.

அந்த நாட்களில்தான் அடுத்த ஈடு பொரித்தது. ஒன்பது குஞ்சு. நான்கின் தலையில் பொட்டு.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல், மாட்டுக்குச் சீக்கு, பரீட்சை, வெளிநாட்டு விசா, எதுவானாலும் சாமிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொள்வார்கள். கூட்டத்தில் ஒரு சேவலைப் பார்த்து அதன் காலில் சிவப்பு நூல் கட்டிவிட்டால் அது சாமிக்குரியது. விற்கக்கூடாது, அடிக்கக்கூடாது, பூஜை வருகிறவரைக்கும் வளர்க்க வேண்டும். ஊர்க்கோழியில் சேவல் இன்னது என்று தெரிய இரண்டு மாதம் ஆவதால் அதுவரை யாரும் நூலோடு வரமாட்டார்கள். நல்லதை வளர்க்கிறவன் ஒதுக்கிக்கொள்ளலாம். என் மனைவியின் கோழிகள் பிறந்த அன்றே தலையில் எழுதி ஒட்டிக்கொண்டு வருகின்றனவே! குஞ்சு பொரித்த சேதி கேட்டதும் மூன்று வீட்டுக்காரர்கள் நூலோடு வந்துவிட்டார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா தன் மகன் பரீட்சைக்காக ஒன்றைப் பிடித்துக் கட்டினார். இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் ஆளுக்கொன்று. சாமிக்கு என்று கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட்டில் பெரிய சேவல் கம்பீரமாக நிற்கிறது, கைவசம் நான்காவது குஞ்சும் இருக்கிறது, போதாதா என்று நினைத்தேன்.

எனக்கு நேர்த்தியில் நம்பிக்கை கிடையாது. நூல் கட்டுகிறவர்களை வாயாரக் கேலி செய்கிற ஆள் நான். ஐந்தாவது வெள்ளிக்கிழமையும் போன் வராதபோது அந்த மேட்டில் இருட்டுகிறவரைக்கும் நின்றேன். பனிமூட்டம் இறங்கி எதிரே இருந்த தேயிலை மலை மறைந்தது. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் எனக்கு யார் சொல்வார்கள்? அந்த வீட்டு விலாசம்கூட என்னிடம் சரியாக இல்லை. கடைசியாக நான் அவளிடம் சொன்னது "ஒருத்தரும் ஒன்ன தேடல" என்பது. 

மறுநாள் காலையில் அக்காவிடம் போய் நூல் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கேலி செய்யவில்லை. ஒரு முழு நூல்கண்டையே கொடுத்தார். ஸ்டோருக்குப் பின்னால் ரோதமுனி இருக்கிறார். ஸ்டோர் மெஷின்களைச் சுழற்றிய ரோதை என்கிற பெரிய சக்கரம் ஓடிய காலத்திலிருந்து மெஷினில் வேலை செய்கிறவர்களைக் காக்கிற சாமி. நான்காவது குஞ்சைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய் அவர் கல்லின் முன்னால் நின்றேன். "அவ கொரல ஒரு வாட்டி கேட்டாப் போதும், இத ஒனக்குத் தாறேன்" என்று சொல்லி அதன் காலில் நூலைக் கட்டினேன். விரல் மொத்தம், நூல் மெலிசு, குஞ்சின் கால் அதைவிட மெலிசு. மூன்று தடவை அவிழ்ந்தது.

நான்கு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, மேட்டில் நின்றபோது அவள் கூப்பிட்டாள்.

அந்த வீட்டம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, இவளும் கூடவே தங்கிவிட்டாளாம். போன் முதல் வாரமே தண்ணீரில் விழுந்து செத்துப்போயிற்றாம், இப்போதுதான் வேறு போன் கிடைத்ததாம். "கோவமும் இருந்துச்சு" என்றாள், அதையும் மறைக்கவில்லை. நான் அழுதேன். எல்லாக் கோழிகளும் பார்த்துக்கொண்டிருக்க அழுதேன். அவளும் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, கொஞ்சம் கீழ காட்டுங்க" என்றாள்.

குஞ்சுகளைக் காட்டினேன். மூன்றுக்கு யார் யார் நூல் கட்டினார்கள் என்று சொன்னேன், நான் கட்டிய நூலைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. குஞ்சு வளர வளர அவ்வப்போது நூலை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன். அதையும் சொல்லவில்லை.

மூன்று வீட்டுச் சேவல்களும் அவரவர் பூஜைகளில் ஒவ்வொன்றாகப் போயின. ரோதமுனி பூஜை வருஷத்துக்கு ஒரு முறை, தை மாதம். என்னுடையது அதற்காகக் காத்திருந்தது. அதில் எனக்குக் கவலை ஒன்றும் இல்லை, பெரிய சேவல் இருந்ததால். அந்தப் பெரிய சேவலைத்தான் ஒரு மழை நாள் மத்தியானம், நான் ஸ்டோரில் இருந்த நேரம், மேல் டிவிசன் நாய்கள் இரண்டு வந்து பிடித்துவிட்டன. திரும்பி வந்தபோது வேலியோரம் சாம்பல் இறகுகள்தான் கிடந்தன.  பிறகு இளஞ்சேவலைத் திரும்பிப் பார்த்தேன். நனைந்த காலில் சிவப்பு நூல் பளிச்சென்று தெரிந்தது. அந்த இனத்தில் இனி அது ஒன்றுதான் சேவல். அதையும் நான் கொடுத்தாயிற்று.

ஹட்டனுக்குப் போய்க் கோழித்தீனிக் கடைகளில் விசாரித்தேன். ஒரு சிங்களக் கடைக்காரர் நீல முட்டையா என்று கேட்டு, பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். எங்கேயும் இல்லை.

மனைவியிடம் இரண்டு வாரம் பொய் சொன்னேன். "சேவல் எங்க?" என்றால் தேயிலைக்குள் மேயப் போயிருக்கிறது என்பேன். மூன்றாவது வாரம் உண்மையைச் சொன்னேன்.

"சின்னது இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப அது பருவத்துக்கு வந்ததும் சீக்கிரம் அடை வைங்க. தள்ளிப் போடாதீங்க."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அதே பேச்சுதான். அடை வைத்தீர்களா, அடைக்கோழி கிடைத்ததா, இன்னும் ஏன் வைக்கவில்லை. எதற்கு இப்படிப் பறக்கிறாள் என்று எரிச்சல்கூட வந்தது.

இளஞ்சேவல் கூவத் தொடங்கி, பெட்டைகளோடு சேர்ந்து, முட்டைகள் கருக்கூடும் என்ற நம்பிக்கை வர மார்கழி பிறந்துவிட்டது. பத்து முட்டை வைத்தேன். குளிர்; சேவலும் புதுசு. ஐந்துதான் பொரித்தது. பூஜைக்குப் பத்து நாள் இருந்தது. அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முதலாவது கோடு. இரண்டாவது கோடு. மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் கோடு. ஐந்தும் பெட்டை. ஊர்க்கோழியாக இருந்தால் இரண்டு மாதம் எதையாவது நம்பிக்கொண்டு இருந்திருப்பேன். இதில் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

பூசாரியிடம் போனேன். அவர் வேறு யாரும் இல்லை, என்னோடு ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்கிறவர். விஷயத்தைச் சொன்னேன்.

"மாத்துச் சேவல் குடுக்குறவங்களும் இருக்காங்க. நான் வேணாம்னு சொல்லமாட்டேன்" என்றார். "நீ என்ன கேட்டு நேந்த?"

"அவ கொரல கேக்கணும்னு."

"கேட்டியா?"

"கேட்டேன்."

அவர் கொழுந்தைக் கிளறப் போய்விட்டார். சாமியை நம்பாதவன் சாமியை ஏமாற்றினால் என்ன என்று நானே எனக்கு வாதாடிப் பார்த்தேன். முடியவில்லை. மாற்றுச் சேவல் கொடுத்த மறுவாரம் போன் வராமல் போனால்? அந்த ஐந்து வாரத்தை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது. அவள் கேட்ட ஒரே காரியம் அந்த ஒரு சேவல். எனக்கு அதைவிட அவள் குரல்தான் வேண்டியிருந்தது. இதை எப்படி அவளிடம் சொல்வது?

பூஜைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சொன்னேன். சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதன் காலைப் போனுக்கு முன்னால் நீட்டி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு புதன்கெழம பேசினப்பவே பாத்தேன். குஞ்சு காலுல செவப்பு நூலு. மத்த மூணுக்கும் யாரு கட்டினாங்கன்னு சொன்னீங்க. இதுக்கு மட்டும் சொல்லல. நீங்க கட்டினதுதான்னு அப்பவே புரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் இத்தன நாளு கேக்கல?"

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்." போனைக் கிட்டக் கொண்டுவந்தாள். "எனக்காக யாரும் எதுவும் நேந்ததில்லங்க. எங்க வீட்டுல ஆறு பொட்டப்புள்ளைங்க. யாருக்குன்னு நேருவாங்க? அதுக்கப்புறம் அந்த நூல பாக்கத்தான் ஒவ்வொரு வெள்ளியும் கீழ காட்டச் சொன்னேன்."

 இத்தனை நாள் கோழிகள் மேல் பொறாமைப்பட்ட மடையன் நான். சேவல் கக்கத்தில் நெளிந்தது.

"குடுத்துருங்க" என்றாள். "சொன்ன வாக்கு. ஆனா ஒண்ணு கேளுங்க. சேவல் போன பின்னாலயும் பொட்டைங்க பத்து நாளைக்கி விடுற முட்டை கருக்கூடும். வெள்ளக்காரம்மா சொல்லியிருக்காங்க. ஒண்ணு விடாம பொறுக்கி வைங்க. பெரிய சேவல நாய் புடிச்சப்பவே சொல்லியிருந்தீங்கன்னா அப்பவே வச்சிருக்கலாம். ரெண்டு வாரம் மேய விட்டீங்களே தேயிலைக்குள்ள!"

அந்தத் திட்டுக்கு நான் முழுத் தகுதியானவன். வாங்கிக்கொண்டேன்.

பூஜை அன்று சேவலைக் குளிப்பாட்டி மஞ்சள் தடவிக் கொண்டுபோனேன். போகிற வழியில் அது ஒரு தரம் கூவியது. அதன் பிறகு நடந்ததை எழுத எனக்கு விருப்பமில்லை. சோறு போட்டார்கள், கறியை இலையில் வைத்தார்கள். கறியை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் தின்றேன். "வளத்த பாசம்" என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

தையில் முட்டை குறைவு. பத்து நாளில் பதினோரு முட்டை சேர்ந்தது. ஒவ்வொன்றையும் குளிர் தாக்காமல் பழைய கம்பளிக்குள் வைத்துத் தினமும் புரட்டினேன். எங்கள் அடைக்கோழி அந்த ஐந்து குஞ்சுகளோடு அலைந்துகொண்டிருந்ததால் பக்கத்துக் காம்பரா அக்கா தன் கோழியைக் கொடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை அடை வைத்தேன். சரியாக மூன்று வாரத்தில், இன்னொரு வெள்ளிக்கிழமை, பொரிக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்டோருக்கு லீவு சொன்னேன். மத்தியானத்துக்குள் இரண்டு பொரித்தன. இரண்டிலும் அணில் கோடு. மற்ற முட்டைகளில் அசைவில்லை. குலுக்கிப் பார்த்தால் கூழ் ஆடுகிற சத்தம். ஒன்றில் மட்டும் மூக்கு நுனி தெரிந்தது. போன் அடித்தபோது அதுவும் ஓட்டை உதறிக்கொண்டு வெளியே விழுந்தது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றேன். "ஈரமா இருக்கு. தல தெரியல."

"காய விடுங்க. கையில வச்சுக்குங்க, குளுரும்."

போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்துவிட்டுக் குஞ்சை இரண்டு கைகளுக்குள்ளும் மூடிக்கொண்டேன். அது நடுங்கியது. நான் வாயைக் குவித்து விரல் இடுக்கில் ஊதினேன். ஒரு மணிநேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தோம், நான் எங்கள் மேட்டில், அவள் ஏதோ ஒரு சமையலறைத் தரையில்.  அவளுக்கு முன்நெற்றியில் நரை விழுந்திருந்ததை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். பக்கத்தில் இருந்திருந்தால் அது ஒவ்வொரு முடியாக நரைப்பதைப் பார்த்திருப்பேன். அந்த நினைப்பு என்னை வாட்டிவிட்டது. சிக்னல் அன்றைக்குப் போகவேயில்லை.

"இப்ப பாருங்க" என்றாள்.

"நீ பாரு. எனக்குப் பயமா இருக்கு."

கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மேல்கையை எடுத்தேன். அவள் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. தாங்க முடியாமல் குனிந்து பார்த்தேன். மங்கலான முதுகு. உச்சந்தலையில், கட்டைவிரல் நுனியால் ஒற்றி எடுத்ததுபோல, வெளிர்மஞ்சள் பொட்டு.

அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். 

"இதுக்கு நூல் கட்டிராதீங்க."

"நீ போன எடுத்தா நான் ஏன் கட்டப்போறேன்?"

சிரித்தாள். மண்ணெண்ணெய் முட்டைக்குச் சிரித்த அதே சிரிப்பு. பிறகு, "அத கீழ விடுங்க. ஒங்க மொகத்த காட்டுங்க" என்றாள்.

அந்தக் குஞ்சு இப்போது கூவுகிறது. முட்டைக் கூடையில் நீலம் நிற்கவில்லை. நாய் நுழையாதபடி கூட்டைச் சுற்றிக் கம்பிவலை அடித்திருக்கிறேன். அவள் வர இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது என்கிறாள். போன வருஷமும் ஒன்பது மாதம் என்றுதான் சொன்னாள். நான் கத்தவில்லை. சேவலின் காலைப் போனில் காட்டச் சொல்லி வெறுங்கால்தான் என்று பார்த்துக்கொள்கிறாள். அக்கா கொடுத்த நூல்கண்டை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுப்படி அலமாரியில், சீனி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.